பழுது எங்கே?

நுழையும்முன்

ஊரை விட்டுத் தொலைவில் வாழ்வோர் ஊரின் நினைவைப் பல வழிகளில் பேணுகின்றனர். சிலர் குலதெய்வக் கோயிலின் திருநீற்றைப் பெட்டியில் வைத்திருப்பர். சிலர் பழைய கடிதங்களைக் காப்பர். இன்று பலர் வீட்டு விழாக்களின் ஒளிப்பதிவுகளை வட்டுகளாக வைத்துள்ளனர். அவ்வாறு காத்த வட்டு ஒருநாள் ஓடாமல் நின்றுவிட்டால், பழுது வட்டிலா, கருவியிலா, அல்லது கண்ணுக்குப் புலப்படாத வேறோர் இடத்திலா? பொறுமையுடன் ஆராய்ந்து இதற்கு விடை கண்ட சிறுமி ஒருத்தியின் கதையை இப்பாடம் கூறுகிறது.

1. எழுபத்திரண்டாம் நிமிடம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகர் ஸ்ரீ விஜயபுரம். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் வரை அந்நகர் போர்ட் பிளேயர் என்று வழங்கியது. அந்நகரின் டாலிகஞ்ச் பகுதியில், சிவகங்கைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்று வாழ்ந்துவந்தது. தந்தை துறைமுகத்தில் பணிபுரிந்தார். மகள் மத்தியப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பயின்றாள். தாத்தா முதுமையின் காரணமாக வீட்டிலேயே இருந்தார்.

அச்சிறுமி ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது, அவளுடைய காதணி விழா சொந்த ஊரில் நடைபெற்றது. இரண்டு மணி நேரத்திற்கும் மேற்பட்ட அவ்விழாவின் நிகழ்ச்சிகளை ஒளிப்பதிவாளர் ஒரே டிவிடி வட்டில் பதிவு செய்து கொடுத்திருந்தார். விழாவின் இறுதியில், வலியால் அழுத குழந்தையை அப்பத்தா மடியில் கிடத்தித் தாலாட்டுப் பாடினார். அப்பத்தா மறைந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய குரல் அந்த வட்டில் மட்டுமே இருந்தது.

வீட்டிலிருந்த பழைய டிவிடி பிளேயர் கடற்கரையின் உப்புக்காற்றில் துருவேறி நின்றுபோயிற்று. அதன்பின் வட்டு நெடுநாள் அலமாரியிலேயே இருந்தது. அண்மையில் சென்னையிலுள்ள மாமா, தம்மிடமிருந்த புளூரே கருவி ஒன்றைக் கப்பலில் அனுப்பிவைத்தார். அக்கருவி புளூரே வட்டு, டிவிடி வட்டு ஆகிய இருவகைகளையும் இயக்கவல்லது.

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்பத்தினர் அனைவரும் வட்டைக் காண அமர்ந்தனர். மேளம் ஒலித்தது, உறவினர் வந்தனர், சீர்வரிசைத் தட்டுகள் வரிசையாக வந்தன. தாய்மாமன் மடியில் குழந்தை அமர்ந்தது. பொற்கொல்லர் குழந்தையின் காதருகே குனிந்தார். அந்நொடியில் படம் அசைவற்று நின்றது. கருவியின் கடிகாரம் எழுபத்திரண்டாம் நிமிடத்தைக் காட்டியது.

வட்டை எடுத்து மீண்டும் இட்டனர். அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தது.

“வட்டு பழையதாகிவிட்டது. இனி அது ஓடாது, அப்பா” என்றார் தந்தை, தாத்தாவிடம்.

தாத்தா மறுமொழி கூறவில்லை. மறுநாள் மாலையில் சிறுமி பள்ளியிலிருந்து திரும்பியபோது, அவர் தனியே அமர்ந்து அந்த வட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொற்கொல்லர் குனிந்தவுடன் படம் நின்றது. தாத்தா நின்றுபோன படத்தைச் சிறிதுநேரம் பார்த்திருந்து, பின்பு கருவியை அணைத்தார்.

“ஏன் தாத்தா, நின்றுவிடும் என்று தெரிந்தும் பார்க்கிறீர்கள்?”

“இன்றாவது தாண்டிவிடுமோ என்று பார்த்தேன், அம்மா. அதற்கு அப்பால்தான் உன் அப்பத்தா பாடுகிறாள்” என்றார் அவர்.

2. மூன்று சோதனைகள்

நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்து தர வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. கருவிகளுக்கும் அது பொருந்தும். அபர்தீன் கடைத்தெருவில் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் ஒருவர் அக்குடும்பத்திற்கு நன்கு பழக்கமானவர். சிறுமி வட்டை எடுத்துக்கொண்டு தந்தையுடன் அவர் கடைக்குச் சென்றாள்.

“மாமா, இந்த வட்டு கெட்டுவிட்டதா?” என்று கேட்டாள்.

“பார்த்ததும் சொல்லிவிட முடியாது, பாப்பா. மூன்று சோதனைகள் செய்ய வேண்டும். முதலில் வட்டின் முகத்தைப் பார்ப்போம்” என்றார் அவர்.

வட்டின் அடிப்பக்கத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தனர். விரல் பட்ட கறைகள் சில இருந்தன, கீறல்கள் இல்லை. அவர் மெல்லிய பருத்தித் துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோடாகத் துடைத்தார்.

“வட்டமாகத் துடைத்தால் எளிதாயிற்றே?” என்றாள் சிறுமி.

“வட்டில் உள்ள செய்தி சுருள்வடிவான ஒரே பாதையில் எழுதப்பட்டுள்ளது. வட்டமாகத் துடைக்கும்போது மணல்துகள் ஒன்று கீறிவிட்டால், அக்கீறல் பாதையின் வழியே ஓடி அடுத்தடுத்த செய்திகளை அழித்துவிடும். நேராகத் துடைக்கும்போது கீறல் விழுந்தாலும் அது பாதையைக் குறுக்கே மட்டும் வெட்டும். விடுபட்ட சிறு பகுதியைக் கருவியே கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும்” என்று அவர் விளக்கினார்.

இரண்டாவதாக, அதே வட்டைக் கடையிலிருந்த பழைய டிவிடி பிளேயரில் இட்டனர். பொற்கொல்லர் குனிந்தார். படம் ஒரு கணம் தயங்கியது. பின்பு தடையின்றித் தொடர்ந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. தந்தையின் முகம் மலர்ந்தது. சிறுமி அப்பத்தாவின் பாட்டு வரும்வரை கேட்க விரும்பவில்லை. தாத்தாவுடன் சேர்ந்து கேட்க வேண்டும் என்று சொல்லி வட்டை நிறுத்தச் செய்தாள். வட்டு நல்லதே என்பது உறுதியாயிற்று.

மூன்றாவதாக, வீட்டிலுள்ள கருவியில் வேறு வட்டுகளை இட்டுப் பார்க்குமாறு அவர் கூறினார். வீடு திரும்பிய சிறுமி, கடையில் வாங்கிய திரைப்பட வட்டுகள் இரண்டை இயக்கினாள். இரண்டும் முடிவுவரை ஓடின. கருவியும் நல்லதே.

வட்டும் நல்லது, கருவியும் நல்லது. ஆயினும் இரண்டும் சேர்ந்தால் படம் நிற்கிறது. அவ்வாறாயின் பழுது எங்கே?

3. வட்டைக் கருவி படிக்கும் முறை

இவ்வினாவிற்கு விடை காண, கருவி வட்டைப் படிக்கும் முறையை அறிதல் வேண்டும். ஒலிப்பதிவுக் குறுவட்டு 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. டிவிடி 1996ஆம் ஆண்டிலும், புளூரே 2006ஆம் ஆண்டிலும் வந்தன. மூன்றும் 12 செ.மீ. விட்டம் உடையவை. மூன்றையும் லேசர் ஒளியே படிக்கிறது. ஆனால் ஒளியின் அலைநீளம் வேறுபடுகிறது. குறுவட்டிற்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர், புளூரேவுக்கு 405 நானோமீட்டர். எழுதுகோலின் முனை கூர்மையானால் ஒரே தாளில் மிகுதியாக எழுதலாம் அல்லவா? அதுபோல் அலைநீளம் குறையக் குறைய வட்டில் அடங்கும் செய்தி பெருகுகிறது.

டிவிடி வட்டின் ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட் அளவுச் செய்தி அடங்கும். நெடிய பதிவுகளுக்கு அது போதாது. அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குகள் உடைய வட்டுகள் செய்யப்பட்டன. அவற்றில் சுமார் 8.5 ஜிகாபைட் அடங்கும். திரைப்படங்களும் ஒளிப்பதிவுகளும் அமைந்த இத்தகைய வட்டுகளில், கருவி முதல் அடுக்கை நடுவிலிருந்து விளிம்புவரை படிக்கும். பின்பு வில்லையைச் சிறிதே அசைத்து, ஒளியை இரண்டாம் அடுக்கில் குவித்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் திரும்பிவரும். இரண்டு அடுக்குகளுக்கும் உள்ள இடைவெளி தலைமயிர் ஒன்றின் பருமன் அளவே ஆகும்.

காதணி விழா வட்டு இரண்டு அடுக்குகள் உடையது. எழுபத்திரண்டாம் நிமிடமே கருவி அடுக்கு மாறும் இடம். திரைப்பட வட்டுகள் தொழிற்சாலையில் அச்சிடப்படுபவை. அவை ஒளியை நன்கு திருப்பி அனுப்பும். வீட்டிலும் ஒளிப்பதிவு நிலையத்திலும் பதிவு செய்யப்படும் வட்டுகளோ அதைவிடக் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்பும். அந்த மங்கிய ஒளியில் இரண்டாம் அடுக்கைத் தேடிப் பிடிக்க, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எத்தனை முறை முயல வேண்டும் என்பதைக் கருவிக்கு யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அவ்வாறு சொல்லும் கட்டளைத் தொகுப்பே நிலைப்பொருள்.

4. கருவிக்குள் ஓர் ஏடு

கையால் தொடக்கூடிய சக்கரம், வில்லை, மின்சுற்று ஆகியவை வன்பொருள். நாம் விரும்பியபோது நிறுவவும் நீக்கவும் கூடிய நிரல்கள் மென்பொருள். இவ்விரண்டிற்கும் இடையே, கருவியின் நினைவகத்திலேயே நிலையாகத் தங்கி, அதை எப்போதும் இயக்கும் கட்டளைகள் நிலைப்பொருள் எனப்படும். இக்கருத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1967ஆம் ஆண்டில் ஆஷர் ஓப்ளர் என்னும் கணினி அறிஞர் ஆக்கினார்.

தொடக்கக் காலத்தில் இக்கட்டளைகள் கல்வெட்டைப் போன்றவை. ஒருமுறை பொறித்தால் மாற்ற இயலாது. பிழையிருந்தால் சில்லையே கழற்றி மாற்ற வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா ‘ஃபிளாஷ்’ நினைவகத்தை 1984ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். அதன்பின் கட்டளைகளை மின்விசையால் அழித்து, அதே இடத்தில் புதியவற்றை எழுதுவது எளிதாயிற்று.

பழைய அச்சு நூல்களின் இறுதியில் ‘பிழைதிருத்தம்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். எந்தப் பக்கத்தில், எந்த வரியில், எச்சொல்லை எவ்வாறு திருத்திப் படிக்க வேண்டும் என்பதை அது கூறும். நூலை எறிந்துவிட்டு வேறு நூல் வாங்க வேண்டியதில்லை. திருத்திக்கொண்டு படித்தால் போதும். நிலைப்பொருளின் புதுப்பதிப்பும் அத்தகையதே. கருவியை விற்ற பின்னர் தெரியவரும் குறைகளை ஆராய்ந்து, திருத்திய கட்டளைகளை உற்பத்தி நிறுவனம் வெளியிடுகிறது.

உலக அளவிலும் இதற்குச் சான்று உண்டு. 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘அவதார்’ திரைப்படத்தின் புளூரே வட்டு வெளிவந்தது. வாங்கியோர் பலருடைய கருவிகளில் அது ஓட மறுத்தது. வட்டும் புதியது, கருவிகளும் பழுதற்றவை. அவ்வட்டிலிருந்த புதிய காப்புமுறையைப் பழைய கட்டளைகள் அறிந்திருக்கவில்லை. நிலைப்பொருளைப் புதுப்பித்த பின்னரே பலருடைய கருவிகளில் படம் ஓடியது.

5. கடல் கடந்து வந்த திருத்தம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தந்தையும் மகளும் கருவியைக் கவிழ்த்து, பின்புறத்து ஒட்டுத்தாளில் இருந்த மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டனர். பின்பு கருவியின் அமைப்புப் பட்டியலைத் திறந்து, அதிலிருந்த நிலைப்பொருளின் பதிப்பு எண்ணைப் பார்த்தனர். உற்பத்தி நிறுவனத்தின் இணையதளத்தில் அதே மாதிரி எண்ணைத் தேடியபோது, அதைவிடப் புதிய பதிப்பு ஒன்று இருந்தது. அதன் விளக்கக் குறிப்பில், ‘பதிவு செய்யப்பட்ட இரட்டை அடுக்கு வட்டுகள் இடையில் நிற்கும் குறை களையப்பட்டது’ என்ற பொருள்பட ஒரு வரி இருந்தது. சிறுமி அந்த வரியை இருமுறை படித்தாள்.

கோப்பு சில நிமிடங்களில் இறங்கிவிட்டது. தந்தை வியந்தார்.

“சில ஆண்டுகளுக்கு முன்பு இது இவ்வளவு எளிதன்று, அம்மா. இத்தகைய பெரிய கோப்பு பாதியில் அறுந்துபோகும். அதைச் சென்னையில் பதிவிறக்கி, கப்பலில் வருபவரிடம் கொடுத்தனுப்பச் சொல்வதே மேல் என்று தோன்றும்” என்றார்.

அவர் கூறியதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் 1,300 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. கப்பலில் வர ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். முன்னர்த் தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோள்களையே நம்பியிருந்தது. அவை நிலநடுக்கோட்டிற்கு மேல் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் நிற்பவை. செய்தி அங்கே ஏறி இறங்கவே கால் நொடி ஆகும். அவை தாங்கக்கூடிய செய்தியின் அளவும் குறைவு.

இக்குறையை நீக்கச் சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே கடலடிக் கண்ணாடி இழை வடம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. 2018ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் போர்ட் பிளேயரில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் பிரதமர் நரேந்திர மோடி அதைத் தொடங்கிவைத்தார். சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள அவ்வடம் ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய்ச் செலவில் பிஎஸ்என்எல் நிறுவனத்தால் அமைக்கப்பட்டது. தலைநகருடன் ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களையும் அது இணைக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கி.மீ. செல்லும். ஆகவே சென்னையிலிருந்து புறப்படும் செய்தி நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்திற்குள் தீவை அடைந்துவிடும்.

கருவி கப்பலில் வந்தது. அதற்குரிய திருத்தம் கடலுக்கு அடியில் வந்தது.

6. திருத்தும் முறை

நிலைப்பொருளைப் புதுப்பிப்பது கடினமன்று. ஆனால் அவசரத்திற்கு அதில் இடமில்லை. வேறு மாதிரிக்கு உரிய கோப்பை இட்டாலோ, எழுதும்போது மின்விசை நின்றாலோ, பழைய கட்டளை அழிந்து புதியது நிறைவுறாமல் போகும். அதன்பின் கருவி உயிரற்ற பெட்டியாகிவிடும். மின்தடை நேரக்கூடிய தீவுகளில் இதை மறத்தல் ஆகாது.

சிறுமி விளக்கக் குறிப்பில் இருந்த வரிசையைத் தன் ஏட்டில் தமிழில் எழுதிக்கொண்டாள்.

அ) மாதிரி எண்ணும் கோப்பின் பெயரும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்தல்.
ஆ) சுருக்கப்பட்ட கோப்பைக் கணினியில் விரித்து, பெயரை மாற்றாமல், வெறுமையான பென் டிரைவில் குறிப்பிட்ட இடத்தில் படியெடுத்தல்.
இ) கருவியில் வட்டு ஏதும் இல்லை என்பதை உறுதி செய்தல்.
ஈ) மின்விசை தடைப்படாதவாறு ஏற்பாடு செய்தல்.
உ) பென் டிரைவைச் செருகி, அமைப்புப் பட்டியலில் ‘புதுப்பித்தல்’ என்பதைத் தேர்தல்.
ஊ) கருவி தானே அணைந்து மீண்டும் இயங்கும்வரை எந்தப் பொத்தானையும் தொடாதிருத்தல்.
எ) பதிப்பு எண் மாறியுள்ளதா என்று பார்த்தல்.

தந்தை கணினிக்கென வைத்திருந்த யுபிஎஸ் கருவியுடன் புளூரே கருவியை இணைத்தார். சிறுமி பென் டிரைவைச் செருகினாள். திரையில் விழுக்காட்டு எண் மெல்ல ஏறியது. அறுபதில் அது நெடுநேரம் நின்றது.

“நின்றுவிட்டதா? அணைத்துவிட்டுப் பார்ப்போமா?” என்று தந்தை கைநீட்டினார்.

“வேண்டாம், அப்பா! தொடக்கூடாது” என்று சிறுமி தடுத்தாள். மூவரும் மூச்சடக்கிக் காத்திருந்தனர். எண் அறுபத்தொன்றாயிற்று. பின்பு விரைந்து நூறை எட்டியது. கருவி அணைந்து, மீண்டும் ஒளிர்ந்தது. புதிய பதிப்பு எண் திரையில் தோன்றியது.

7. எல்லாப் பழுதும் இதனால் தீருமா?

தீராது. கட்டளையில் உள்ள பிழையைக் கட்டளைதான் திருத்தும். தேய்ந்த சக்கரத்தையும் பூஞ்சை படிந்த வில்லையையும் அது திருத்தாது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் தீவுகளில் ஈரத்தாலும் உப்பாலும் கருவிகள் கெடுவது இயல்பு.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உள்ள உறவினர் அனுப்பும் திரைப்பட டிவிடி இங்கு ஓடாமல் போகலாம். அது பழுதன்று. திரைப்பட டிவிடிகள் உலகப் பகுதிகளுக்கேற்ப எண்ணிடப்பட்டுள்ளன. இந்தியா 5ஆம் பகுதியிலும், அந்நாடுகள் 3ஆம் பகுதியிலும் உள்ளன. பதிவு செய்த வட்டை முறைப்படி நிறைவு செய்யாமல் எடுத்துவிட்டாலும் அது பிற கருவிகளில் ஓடாது. அதைப் பதிவு செய்த கருவியிலேயே நிறைவு செய்ய வேண்டும்.

சில வேளைகளில் வெளியிலிருந்து வரும் கோப்பே கேடாவதும் உண்டு. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நிறுவனத்தின் புளூரே கருவிகள் பல நாடுகளில் ஒரே வேளையில் பழுதுற்றன. அவை இயங்கத் தொடங்கியதும் அணைந்து, மீண்டும் இயங்கி, மீண்டும் அணைந்தன. இணையம் வழியே வந்த சிறு கோப்பு ஒன்றை அவற்றால் சரிவரப் படிக்க இயலாமையே காரணம் என்று ஆராய்ந்தோர் கூறினர். கருவி முழுமையாக இயங்கினால் அன்றோ திருத்தத்தை ஏற்கும்? ஆகவே அவற்றைப் பழுதுபார்க்க அனுப்ப நேர்ந்தது. குறை ஏதும் இல்லாத கருவியைக் காரணமின்றி மாற்றத் தேவையில்லை என்பதும், உரிய இடத்திலிருந்து வரும் கோப்பை மட்டுமே ஏற்க வேண்டும் என்பதும் இதனால் அறியத்தக்கவை.

8. எழுபத்து மூன்றாம் நிமிடம்

அன்று மாலை தாத்தா முன்வரிசையில் நாற்காலி இட்டு அமர்ந்தார். சிறுமி வட்டை இட்டாள். மேளம் ஒலித்தது. சீர்வரிசை வந்தது. பொற்கொல்லர் குனிந்தார். படம் ஒரு கணம் தயங்கியது. தாத்தாவின் விரல்கள் நாற்காலியின் கையை இறுகப் பற்றின.

குழந்தையின் அழுகுரல் அறை முழுவதும் ஒலித்தது. யாரோ சிரித்தனர். நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாகச் சென்றன. இறுதியில் அப்பத்தா குழந்தையை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டு பாடத் தொடங்கினார். சிறுமிக்குப் பாட்டின் சொற்களிற் பாதி விளங்கவில்லை. தாத்தா ஒவ்வோர் அடி முடிந்ததும் அதன் பொருளைத் தாழ்ந்த குரலில் கூறிக்கொண்டே வந்தார். தன் பெயரும் அப்பாட்டில் இருப்பதை அவள் அன்றுதான் அறிந்தாள்.

வட்டு முடிந்ததும் அவள் எழுந்து கணினியைத் திறந்தாள்.

“மறுபடியும் என்ன, அம்மா?” என்றார் தந்தை.

“இந்த வட்டும் ஒருநாள் கெடும், அப்பா. இன்றே இரண்டு படிகள் எடுத்து வைப்போம். ஒன்று இங்கே, மற்றொன்று சென்னையில் மாமாவிடம்” என்றாள் அவள்.

தாத்தா தலையசைத்தார். “படி எடுக்குமுன் ஒருமுறை, முதலிலிருந்து போடு” என்றார்.

சொல்லும் பொருளும்

அப்பத்தா – தந்தையின் தாய்
சீர்வரிசை – விழாவில் தாய்மாமன் முதலியோர் கொண்டுவரும் பரிசுப் பொருள்கள்
சீமை – நாட்டுப் பகுதி
பொற்கொல்லர் – பொன்னால் அணிகலன் செய்பவர்
வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
நிலைப்பொருள் – கருவியின் நினைவகத்தில் நிலையாகத் தங்கி அதை இயக்கும் கட்டளைத் தொகுப்பு
வடம் – தடித்த கயிறு. இங்கு, செய்தியைக் கொண்டுசெல்லும் கண்ணாடி இழைக் கற்றை
படி – நகல்

மொழியை அறிவோம்: தன்வினையும் பிறவினையும்

‘கருவி திருந்தியது’ என்பதில் எழுவாயே வினையின் பயனை அடைகிறது. இது தன்வினை. ‘சிறுமி கருவியைத் திருத்தினாள்’ என்பதில் எழுவாய் மற்றொன்றை அச்செயலுக்கு உள்ளாக்குகிறது. இது பிறவினை. திருந்து – திருத்து என மெல்லின எழுத்து வல்லினமாக மாறியதைக் காண்க.

பின்வரும் தன்வினைகளுக்கு உரிய பிறவினைகளை எழுதுக.
1. வட்டு சுழன்றது.
2. படம் ஓடியது.
3. பென் டிரைவ் கீழே உருண்டது.
4. குழந்தையின் அழுகை அடங்கியது.

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வட்டை நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டியது ஏன்?
2. வட்டும் கருவியும் நல்லவை என்பதைச் சிறுமி எவ்வாறு உறுதி செய்தாள்?
3. எழுபத்திரண்டாம் நிமிடத்தில் கருவி என்ன செய்ய முயன்றது?
4. சென்னை – அந்தமான் கடலடி வடம் எப்போது தொடங்கிவைக்கப்பட்டது?

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. நிலைப்பொருளின் புதுப்பதிப்பை நூலின் பிழைதிருத்தப் பட்டியலுடன் ஒப்பிட்டு விளக்குக.
2. நிலைப்பொருளைப் புதுப்பிக்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய முறைகளை வரிசைப்படுத்தி எழுதுக.

இ. சிந்தித்து எழுதுக.
கடையிலேயே முழுமையாகக் கேட்கும் வாய்ப்பு இருந்தும் சிறுமி அப்பத்தாவின் பாட்டைக் கேட்காமல் வந்தது ஏன்? நீ அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்?

ஈ. கற்பவை கற்றபின்
உன் வீட்டில் உள்ள பழைய ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, ஒளிப்படம் ஆகியவற்றின் பட்டியலை வீட்டுப் பெரியவர்களின் துணையுடன் எழுதுக. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதில் பேசுபவர் அல்லது தோன்றுபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பவற்றைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.